ஒரு மில்லிமீற்றர் ஆழம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் அந்நாட்டார் இட்டு வழங்கும் பெயர்களைப் போலப் புகைப்படம் எடுப்பவனுக்கு உபயோகமான பெயர்கள் பிறிதோரிடத்தில் உண்டோ என்பது சந்தேகமே. கடலுக்கும் வாவிக்கும் இடையே மணற்பாங்காக நீண்டு கிடக்கும் கிழக்குக் கரை எழுவான்கரை. வயலும் குளமும் காடுமாக மேற்கே விரிந்து கிடப்பது படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கத்தையும் படும் பக்கத்தையும் நிலத்தின் பெயரே சொல்லிவிடுவதால், ஒளியின் திசையை அறிய அங்கே வேறொரு கருவி வேண்டியதில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இந்நீர்ப்பரப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் செவிக்குரிய விஷயத்தையே பேசுவர்; பூரணை நிலவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருள் இறக்கி, அதன் பிடியிற் காதை வைத்து மீன் பாடக் கேட்ட கதையைச் சொல்ல அவ்வூரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அதே கரையிற் பன்புல்லிலும் கண்ணா மரத்திலும் குடியிருக்கும் சிற்றுயிர்களின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் நின்று கண்டவர்களோ மிகச் சிலர்.

அவ்வாறு காண முயன்ற முதல் நாளில் எனக்குக் கிடைத்தது ஓர் ஊசித்தும்பி. படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம், முழங்காலளவு நீரில் நின்று, புல்லின் தாளைத் தழுவியிருந்த அதனை இருபது முறை படம் பிடித்தேன். வீட்டுக்கு வந்து பார்க்கையில், தலை தெளிந்த படத்தில் வால் இல்லை. வால் தெளிந்த படத்தில் தலை வெறும் புகை. பல படங்களில் இரண்டும் இன்றி, நடுவிலே ஒரு கால் மாத்திரம் மயிர் எண்ணக்கூடிய தெளிவுடன் நின்றது. அன்று தோணியில் வலையை மடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "என்ன மனே, ஆத்துக்குள்ள என்னத்தத் தொலைச்சுப்போட்டாய்?" என்று கேட்டார். வாவியை அங்குள்ளோர் ஆறென்றே சொல்வது வழக்கம். தும்பியைக் காட்டினேன். அவர் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "கச்சான் எழும்ப முதல் வா மனே, அப்பதான் பூச்சி புல்லோட இரிக்கும்" என்றார். கமராவைப் பற்றி எதுவும் அறியாத அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம், நான் அதுவரை விலை கொடுத்து வாங்கிய சாதனங்களிலும் பார்க்க எனக்கு அதிக பிரயோசனமாயிற்று. ஏனென்பதை விளக்கச் சற்றே ஒளியியலுக்குட் புக வேண்டும்.

சாதாரணப் படங்களில் நாம் மலையை விரலளவாகவும் மனிதனை நகத்தளவாகவும் சுருக்கிப் பதிகின்றோம். அண்மைப் படத்துக்கென அமைந்த வில்லை இதற்கு நேர்மாறானது; அது பொருளின் பிரதிபிம்பத்தைப் பொருளின் அளவுக்கே, ஒன்றுக்கு ஒன்று என்ற பிரமாணத்தில், கமராவின் உணர்தகட்டில் விழச் செய்கிறது. 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உள்ள தகட்டில், 30 மில்லிமீற்றர் நீளமான ஊசித்தும்பி 30 மில்லிமீற்றராகவே கிடக்கும். இந்த நிலையை எய்த, எளிய வில்லையொன்று பொருளிலிருந்தும் தகட்டிலிருந்தும் தன் குவியத்தூரத்தின் இருமடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். அஃதாவது, தூரத்துக் காட்சிக்குத் தகட்டருகே இருந்த வில்லை அதேயளவு இன்னும் முன்னே தள்ளிப்போக வேண்டும். தள்ளிப்போன வில்லையிலிருந்து புறப்படும் ஒளி இருமடங்கு தூரம் பயணஞ்செய்து, நான்கு மடங்கு பரப்பிற் பரவி, காற்பங்கு பலத்துடனேதான் தகட்டை வந்தடையும். நெருங்கிப் பார்ப்பதற்கு நாம் கொடுக்கும் முதற் கூலி இது.

இரண்டாவது கூலி இதனினும் கொடியது. வில்லை எந்தத் தூரத்துக்குக் குவிக்கப்பட்டதோ அந்தத் தளத்தில் உள்ளது மாத்திரமே உண்மையில் தெளிவாக விழும். அதற்கு முன்னும் பின்னும் சிறிதளவு இடத்தை நம் கண் தெளிவென்று ஏற்றுக்கொள்கிறது. இவ்விடத்தின் தடிப்பு, தெருவொன்றைப் படம் பிடிக்கையில் பல மீற்றர்களாக இருக்கும். ஒன்றுக்கு ஒன்று என்னும் நிலையிலோ, வில்லையின் துவாரத்தை 11 என்ற எண்ணுக்குச் சுருக்கிய பின்பும், அது ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றர்தான். ஒரு சதக்குற்றியின் தடிப்பென்று சொல்லலாம். தும்பியின் ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் இடையே உள்ள தூரமே பெரும்பாலும் இதனைக் கடந்துவிடும்.

துவாரத்தை இன்னும் சுருக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். சுருக்கச் சுருக்கத் தெளிவின் ஆழம் கூடுவதும் உண்மையே. ஆனால் ஒளி அலையாகச் செல்வது; சிறிய துவாரத்தின் விளிம்பைத் தாண்டும்போது அது நேர்கோட்டை விட்டு விலகிப் பரவுகிறது, ஆகவே ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் நுண்ணிய வட்டமாக விழுகிறது. வில்லை முன்னே தள்ளிப்போனமையால் 11 என்ற துவாரம் இங்கே 22-ஐப் போலத் தொழிற்படும். அப்போது அவ்வட்டத்தின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் மூன்று பங்காகிறது. கண் தெளிவென்று மன்னிக்கும் எல்லையும் ஏறத்தாழ அதுவே. அதற்கு மேலும் சுருக்கினால் ஆழம் கிடைக்கும், ஆனால் ஆழம் முழுவதும் ஒரே சீரான மங்கலாகக் கிடைக்கும். கூழுக்கும் மீசைக்கும் ஒருங்கே ஆசைப்பட்டவனின் நிலை இதுதான். இயற்கையின் விதி ஆனபடியால், எத்தனை பணம் கொடுத்தாலும் கடைக்காரன் இதிலிருந்து விலக்குத் தரமாட்டான்.

இவ்வகை வில்லைகள் பூச்சிகளுக்காகத் தோன்றியவை அல்ல என்பதை இங்கே இடைப்பிறவரலாகச் சொல்லலாம். 1956-ல் ஜப்பானில் நிக்கோன் கம்பனியார் வெளியிட்ட மைக்ரோ-நிக்கோர் என்னும் வில்லை, நூல்களையும் பத்திரங்களையும் சிறு படச்சுருளிற் பதிவதற்கென ஆக்கப்பட்டது. இருபத்தாறு ரோமன் எழுத்துக்களுக்குப் போதுமாயிருந்த மேனாட்டு வில்லைகள், பல கோடுகள் ஒன்றன்மேலொன்றாக நெருங்கிய ஜப்பானியரின் சித்திர எழுத்துக்களை வாசிக்கப் போதவில்லை. எழுத்தின் நுண்கோட்டைப் படிக்கப் பிறந்த கண்ணாடி பின்னர் தும்பியின் இறக்கை நரம்பைப் படிக்கத் தலைப்பட்டது. ஆயினும் ஒரு பேதம் உண்டு: கடதாசி தட்டையானது, சலனமற்றது, தும்பி இரண்டுமன்று.

தடிப்பற்ற தளம் ஒன்றே கையில் இருக்குமானால், அதனை எங்கே வைப்பது என்ற தீர்மானமே படம் எடுக்கும் கலையின் பெரும்பகுதியாகிவிடுகிறது. அத்தீர்மானத்தைச் செய்ய ஒளியியல் உதவாது. பூச்சியின் ஒழுக்கத்தை அறிந்திருக்க வேண்டும். ஊசித்தும்பி இளைப்பாறுகையில் தன் இறக்கைகளை முதுகின்மேல் ஒன்றாகச் சேர்த்து மடித்துக்கொள்ளும் பழக்கமுடையது. ஆகையால் அதன் பக்கவாட்டில், தகடும் உடலும் சமாந்தரமாக அமைய நின்றால், கண்ணும் மார்பும் வாலும் இறக்கையும் அந்த ஒரு மில்லிமீற்றருக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். பெருந்தும்பியோ இறக்கைகளை இருபுறமும் விரித்தே அமர்வது; அதற்குப் பக்கவாட்டு நிலை பயன்படாது. அங்கே கண்ணா இறக்கையா என்று கேட்டால், நான் எப்போதும் கண்ணின் பக்கம்தான். கண் தெளிந்து மற்றவை கரைந்த படத்தை மனிதன் உயிருள்ளதாக ஏற்கிறான். கண் மங்கிய படத்தில் மற்ற யாவும் தெளிந்திருப்பினும் அவனுக்கு அது பிணமே.

முதியவர் சொன்ன கச்சானின் பொருளும் இப்போது விளங்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் திசையிலிருந்து மலைநாட்டைத் தாண்டி ஈரத்தையெல்லாம் இழந்து, வெப்பமாக வீசும் இக்காற்று எழுந்த பின்பு பன்புல்லின் நுனி ஒரு கணமும் ஓரிடத்தில் நில்லாது. ஒன்றுக்கு ஒன்று என்னும் பிரமாணத்தில், புல் பத்தில் ஒரு மில்லிமீற்றர் அசைந்தால் பிம்பமும் தகட்டில் அவ்வளவே அசைந்து, நுண்கோடுகளையெல்லாம் அழித்துவிடும். விடியுமுன், காற்று ஓய்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், இரவுக் குளிர்ச்சியால் தசை இன்னும் சூடேறாத தும்பி தானும் அசையாது, தன்னைத் தாங்கிய புல்லும் அசையாது. பறப்பதற்கு முன் இறக்கைத் தசையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டிய உயிர் அது. எழுவான்கரையின் தென்னைகளுக்கு மேலாகச் சூரியன் வந்து அதன் மார்பிற் படும் வரைக்கும் நமக்குத் தவணை உண்டு.

பகலில் வேலை செய்ய வேண்டுமானால் பிளாஷ் விளக்கே கதி. அதன் பலத்தைக் குறைத்து வைத்தால், ஒளி செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்துக்கே மின்னி மறையும். கை நடுக்கமும் காற்றும் அந்த நேரத்துள் எதுவும் செய்துவிட முடியாது. ஆனால் வெறும் விளக்கின் ஒளி பூச்சியின் பளபளப்பான ஓட்டிற் பட்டால், வெள்ளிப் பொட்டுக்களாகத் தெறித்து நிறத்தைக் கெடுத்துவிடும். இதற்குக் கடைகளில் விற்கும் உபகரணங்கள் பலவற்றை வாங்கிப் பார்த்த பின்பு, கழுவிய யோகட் கோப்பை ஒன்றை அடி வெட்டி விளக்கின் முன் மாட்டிக்கொள்வதே உத்தமம் என்ற முடிவுக்கு வந்தேன். காரணம் எளிது. ஒளியின் மென்மையை நிர்ணயிப்பது ஒளிதரும் பரப்பு பொருளின் பார்வையில் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதே. சூரியன் எவ்வளவு பெரிதாயினும் நம் வானில் அரைப் பாகை அகலந்தான். ஆகவே அதன் நிழல் கூர்மையானது. நாலு விரற்கடை தூரத்தில் நிற்கும் யோகட் கோப்பையோ ஒரு வண்டுக்குப் பாதி ஆகாயத்தை மறைத்து, மேகமூட்டமான வானமாகவே ஆகிவிடுகிறது.

நாம் அதனைக் காண்பது ஒருபுறமிருக்க, அது நம்மை எவ்வாறு காண்கிறது என்பதையும் கேட்க வேண்டும். பெருந்தும்பியின் ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ 30,000 வரையிலான சிறுகண்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல நெருங்கியமைந்தது. தலையைத் திருப்பாமலே மேலும் கீழும் பின்னும் பார்க்கவல்லது. அசைவைப் பகுத்துணர்வதில் அது நம்மிலும் பல மடங்கு விரைவானது. நமக்குத் தொடர்ச்சியாக ஓடும் திரைப்படம் அதற்கு ஒவ்வொன்றாகப் புரளும் படத்தாள்களாகத் தோன்றக்கூடும். ஆனால் இந்த வல்லமையிலேயே ஒரு பலவீனமும் உண்டு: வெகு மெதுவாக, நேர்கோட்டில், தன்னை நோக்கியே வளரும் ஒன்றை அது எளிதில் அசைவென்று கணிப்பதில்லை. கையை ஒரு முறை வீசினால் பறந்துவிடும் தும்பி, பத்து நிமிஷமெடுத்து ஒரு முழம் நெருங்குபவனைப் பொறுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் நகர்வதும் நம் நிழலை அதன்மேல் விழவிடுவதுமே பிழை.

கும்பிடுபூச்சியைப் படம் பிடித்தவர் எவரும் கண்டிருக்கக்கூடிய விசித்திரம் ஒன்றுண்டு. அதன் பச்சைக் கண்ணில் ஒரு கருமணி தெரியும். நாம் வலப்புறம் போனால் அதுவும் வலப்புறம் வரும், இடப்புறம் போனால் இடப்புறம் வரும். பூச்சி நம்மை முறைத்துப் பார்ப்பதாக எண்ணிப் பயந்த சிறுவர்களை அறிவேன். அங்கே மணியும் இல்லை, அசைவும் இல்லை. எந்தச் சிறுகண்கள் நேராக நம்மை நோக்கியுள்ளனவோ, அவை நம் பக்கமிருந்து செல்லும் ஒளியை அடிவரை விழுங்கிவிடுவதால் கறுத்துத் தோன்றுகின்றன. ஏனையவை பக்கவாட்டில் ஒளியைத் திருப்புவதாற் பச்சையாகத் தெரிகின்றன. கிணற்று வாயில் நேராகக் குனிபவனுக்கு மாத்திரம் அதன் ஆழத்து இருள் தெரிவது போலவே. நாம் இடம் மாறுகையில் வேறு சிறுகண்கள் நமக்கு நேராகின்றன. பொட்டு நகர்ந்ததாக நமக்குப் படுகிறது. அப்பொட்டு தெளிவாக நடுவே அமைந்த படமே பார்ப்பவனைப் பிடித்திழுக்கும் என்பதையும் கலைஞர் மறக்கலாகாது.

கண்ணா மரங்களுக்கு இனி வருவோம். அவற்றின் ஊடே தில்லை மரங்களும் உண்டு. கிளையொடிந்தால் வடியும் பால் கண்ணிற் பட்டாற் பெருங்கேடு விளைக்குமாதலால், வில்லையை நெருக்குமுன் மரத்தை அறிந்துகொள்வது நல்லது. இம்மரங்களிலும் ஊருக்குள் மாவிலும், இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடுகளில் வாழ்வது முசுறு. பச்சை இலைகளை ஒன்றோடொன்று வெண்பட்டு நூலால் ஒட்டும் இந்த எறும்பிடம் நூல் நூற்கும் உறுப்பே இல்லை என்பது நெடுங்காலம் அறிஞரை மயக்கிய புதிர். கொழும்பிற் பிறந்து, பிற்காலத்தில் இலங்கை அரசாங்கத்தின் பூச்சியியல் அறிஞராய் விளங்கிய ஏர்னெஸ்ற் கிறீன் 1896-ல் இதன் மர்மத்தைக் குறித்து எழுதினார்; ஜேர்மானியரான பிரான்ஸ் டொஃப்லைன் இலங்கையிற் கண்டவற்றை 1905-ல் விரிவாக வெளியிட்டார். முதிர்ந்த எறும்புகள் சங்கிலிபோற் பிணைந்து இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் தம் குடம்பிகளை வாயிற் கவ்விக்கொண்டு வந்து, அவற்றின் வாயை இந்த விளிம்பிலும் அந்த விளிம்பிலும் மாறி மாறித் தொடுவிக்கின்றன. தொட்ட இடமெல்லாம் குடம்பியின் வாயிலிருந்து பட்டு சுரக்கிறது. தறியின் நாடா இங்கே உயிருள்ள குழந்தை. தனக்கென்று கூடு பின்ன வைத்திருந்த நூலையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிடும் அக்குடம்பி, உறையின்றி அம்மணமாகவே கூட்டுப்புழுவாகிறது. இந்தக் காட்சியைப் பகலில் கிழிந்த கூடொன்றின் அருகே காத்திருந்தால் நாமும் காணலாம்; ஆனால் கையிலும் கழுத்திலும் கடிபடாமற் காணலாம் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இதே மரத்தில் ஒரு வேஷதாரியும் திரிகிறான். முசுறின் செந்நிறமும் ஒடுங்கிய இடையும் நடையும் கொண்ட ஒரு குதிக்குஞ் சிலந்தி அது. வெறுங்கண்ணுக்கு எறும்பே. வில்லையினூடே நோக்கும்போதுதான் கால் எட்டென்பதும், அவற்றுள் முன்னிரண்டை உணர்கொம்புகள் போலத் தூக்கி ஆட்டுகிறதென்பதும், முகத்தில் முத்துப் போன்ற பெரிய கண்கள் முன்னோக்கி இருப்பதும் புலப்படும். ஆண் சிலந்தியின் தாடைகள் மிக நீண்டு முன்னே துருத்தி நிற்பதால், அது எறும்பொன்று வேறொரு எறும்பைச் சுமந்து செல்வது போன்ற தோற்றம் தருகிறது. நூறு முசுறுகளைப் படம் பிடித்த பின்பு, கணினித் திரையில் ஒன்றின் கால்களை எண்ணிவிட்டுத் திடுக்கிட்ட அனுபவம் எனக்குண்டு. கையிற் கமரா இருந்தும் மரத்தடியில் நான் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

நுளம்பைப் படம் பிடிக்க வேண்டும் என்று சொன்னால் சிரிப்பவர் உளர். சிரிக்கத் தேவையில்லை. டெங்குவைக் காவும் நுளம்புகள் நன்னீரிலேதான் பெருகும் என்ற நெடுநாள் நம்பிக்கைக்கு மாறாக, அவற்றின் குடம்பிகள் உவர்நீரிலும் வளர்கின்றன என்பதை இலங்கையின் கரையோரங்களில் ஆராய்ந்த அறிஞர்கள் 2011-ல் வெளியிட்டனர். கைவிட்ட கிணறுகளிலும் பழந்தோணிகளிலும் எறிந்துபோன பிளாஸ்ரிக் பாத்திரங்களிலும் தேங்கிய உவர்நீரில் அவை கண்டெடுக்கப்பட்டன. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் வாவியொன்றின் கரையில் வாழ்பவர்க்கு இது சிறிய செய்தியன்று. இந்நோயைப் பரப்பும் இரு இனங்களையும் வேறுபிரித்தறிய உதவுவது அவற்றின் முதுகு: ஒன்றில் நடுவே நேரான ஒற்றை வெண்கோடு, மற்றதில், இருபுறமும் வளைந்தெழும் வெண்கோடுகளும் நடுவே மெல்லிய கோடுகளுமாக ஒரு யாழ். மேனாட்டார் ஒப்பிட்டது கிரேக்கரின் யாழுடன் என்பதையும், நம்முடைய வில்யாழோ மகரயாழோ அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் காரைதீவிற் பிறந்த விஞ்ஞானப் பட்டதாரியான விபுலாநந்த அடிகள் 1947-ல் யாழ்நூலைத் தமிழுலகுக்கு அளித்துவிட்டு, கல்லடி உப்போடையில் சமாதி கொண்டிருக்கும் அதே கரையில், முதுகில் யாழ் சுமந்து ஒரு பூச்சி பறக்கிறதென்றால், அதனைக் கூறாமல் விடுவது எப்படி? அதற்கு இசையும் தெரியும். பெண் நுளம்பின் இறக்கை செக்கனுக்கு ஏறத்தாழ 400 முறையும் ஆணினது 600 முறையும் அதிர்கின்றன; இரண்டும் சந்திக்கும்போது, தத்தம் ஒலியின் மேற்சுரங்கள் 1,200 என்ற இடத்தில் ஒன்றாகும்படி சுருதி சேர்த்துக்கொள்கின்றன என்பதை அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தார் 2009-ல் கண்டனர்.

யாழைப் படத்தில் நிரப்ப ஒன்றுக்கு ஒன்று போதாது. ஐந்து மில்லிமீற்றர் உடலை நாலைந்து மடங்காகப் பெருக்க வேண்டும். அப்போது தெளிவின் ஆழம் பத்தில் ஒரு மில்லிமீற்றராக, ஒரு கடதாசியின் தடிப்பாகச் சுருங்கிவிடும். சிலர் இதற்கொரு தீர்வு கண்டுள்ளனர்: குவியத்தளத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஐம்பது, நூறு படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த கீற்றைக் கணினியாற் பொறுக்கி ஒன்றாக அடுக்குவது. விளைவு வியக்கத்தக்கது. ஆனால் அந்த நூறு படங்களுக்கும் பூச்சி அசையாமல் இருக்க வேண்டுமே. ஆகவேதான் நாம் கண்டு மெய்சிலிர்க்கும் முகங்கள் பலவும் குளிர்பெட்டியில் உறைந்தவை, அல்லது ஊசியிற் குத்திய சவங்கள். 1665-ல் நுண்காட்டியின் கீழ் எறும்பை வரைய முயன்ற றொபேட் ஹூக், அது ஓடிக்கொண்டே இருந்தமையாற் பிரண்டி ஊற்றி மயக்கிப் படுக்கவைத்தார். மயக்கம் தெளிந்ததும் அது எழுந்து ஓடிவிட்டது. அக்காலத்து நேர்மையென்றே இதைச் சொல்வேன். என்ன செய்தாரென்பதைப் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். உயிரோடு இருப்பதாகக் காட்டி இறந்ததைப் பரிசுக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. உயிருள்ள நுளம்புக்கு நான் கண்ட வழி ஒன்றே: அதனை என் இடக்கையிற் கடிக்க விட்டுவிட்டு, வலக்கையாற் படம் பிடிப்பது. இரத்தம் குடிக்கும் நேரமெல்லாம் அது அசையாது. எனினும் டெங்கு பரவும் காலத்தில் இதனைப் பிறர்க்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை தொடங்கும் நாட்களில், வாவிக்கரை வெளிகளுக்கு மேலே பொன்னிறத் தும்பிகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. இவ்வினம் இந்தியாவின் பக்கமிருந்து மாலைதீவுகளைக் கடந்து, கடலுக்கு மேலாக ஆபிரிக்காவின் கிழக்குக் கரை வரை செல்வதென்பதை, மாலைதீவில் வாழ்ந்த கடலியல் அறிஞர் சாள்ஸ் அன்டர்சன் 2009-ல் எடுத்துக்காட்டினார். பகல் முழுதும் நில்லாமற் பறக்கும் அவை, மாலையில் கண்ணாவின் தாழ்ந்த கிளைகளிலே தலைகீழ்த் தோரணம் போலத் தொங்கி உறங்கும். சென்ற ஆண்டு அவற்றுள் ஒன்றை, விடியற்காலையில், இறக்கையெங்கும் பனித்துளி நிற்க, வலக் கண் ஒன்று மாத்திரம் தெளிவாக விழும்படி படம் பிடித்தேன். இறக்கைகள் மங்கிவிட்டன. இன்னுமொரு படம் எடுக்கலாமென்று துவாரத்தைத் திருத்திக்கொண்டிருக்கையில், எழுவான்கரைப் பக்கம் வெயில் ஏறிற்று. தும்பியின் மார்பு முதலில் நடுங்கியது. இறக்கையின் துளிகள் தெறித்தன. நான் மறுபடி கண்ணை வைத்துப் பார்த்தபோது கிளையின் நுனி மாத்திரம் ஆடிக்கொண்டிருந்தது.